மறுபுறமும் இதேபோல்

இன்று காலை பாப்பா மறுபடியும் படுக்கையை நனைத்துவிட்டாள். நாலு வயது முடிந்துவிட்டது. இந்த வயதில் இது சாதாரணம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிஜமாகவே சாதாரணம்தானா என்று போனிலும் தேடிப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொல்கிறது. இரண்டும் ஒரே மாதிரி சொல்வதுகூட எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. விரிப்பைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது அந்த நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. வேறு யாராக இருந்தாலும் முகத்தைச் சுளித்திருப்பார்கள். எனக்குத் திண்டிவனம் ஞாபகம் வந்தது.

திண்டிவனத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊரின் வாசனை அல்ல அது. நான் முதன்முதலில் வேலை பார்த்த, வீட்டு பிளான் போடும் ஆபீஸின் வாசனை. சிவில் டிப்ளமோ முடித்த கையோடு விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். டிரேசிங் தாளில் மையால் வரைந்து, அதை அமோனியா பிரிண்ட் எடுப்போம். பிரிண்ட் பெட்டியைத் திறந்தால் இதே நெடிதான், கண்ணில் தண்ணீர் கொட்டும். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் முதலாளி சார் திட்டித்தான் நான் அழுகிறேன் என்று நினைத்து, "பொம்பளப் புள்ளைய எதுக்கு சார் அழ வெக்கிறீங்க?" என்று சண்டைக்கே போய்விட்டார். மாலை பஸ்ஸில் என் பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். என் அடக்கமான தோற்றத்துக்குக் கிடைத்த மரியாதை அது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

சண்டைக்குப் போனவர்தான் ஏர்ஃபோர்ஸ் ஐயா. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பிளானில்தான் திண்டிவனத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வீடு முடியப்போகும் சமயத்தில் ஒரு பழைய போட்டோவோடு வந்தார். இரண்டு இன்ஜின் வைத்த சரக்கு விமானம்.

"இந்த பிளேனுக்கு ஒரு பிளான் போட்டுக் குடும்மா. ஆசாரிகிட்ட குடுத்து மரத்துல செதுக்கி ஹால் ஷோகேஸ்ல வெக்கணும்."

காரணம் சம்பந்தி. ஐயாவின் மகளைக் கட்டிக்கொடுத்தது திருவெண்ணெய்நல்லூரில். அந்தச் சம்பந்தி கரும்பு போடுகிறவர். வாய் கரும்பைவிட நீளம். எந்த விசேஷத்திலும் பத்துப் பேர் நடுவில், "எங்க சம்பந்தி ஏரோப்ளேனுக்கே சாம்பார் ஊத்தினவரு" என்பாராம். ஐயா விமானப்படையில் சமையல்காரராக இருந்தவர் என்று ஊரில் பாதிப் பேரை நம்பவைத்துவிட்டார். கிரகப்பிரவேசத்துக்கு அவர் வந்து நிற்கும்போது, ஐயா கை வைத்து ரிப்பேர் பார்த்த விமானம் கண்ணெதிரில் இருக்க வேண்டும்.

"அந்தாளு வாய அடைக்கணும்மா. அவ்ளோதான்."

வீட்டு பிளான் தெரிந்த எனக்கு விமானம் எப்படித் தெரியும்? ஆனால் முடியாது என்று சொல்லும் தைரியம் இருந்திருந்தால் நான் சிவில் எடுத்திருக்கவே மாட்டேன். ஐயா நினைவிலிருந்து அளவு சொல்லச் சொல்ல, ஓர் அடிக்கு இரண்டு நூல் என்று வைத்து வரைந்தேன். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு நூல். ஆசாரிகளிடம் நூல் கணக்கில் பேசினால்தான் வேலை நடக்கும். உடம்பு எந்த இடத்தில் எவ்வளவு பருமன் என்று, வாழைத்தண்டை நறுக்கி அடுக்கியதுபோல வட்டம் வட்டமாகப் போட்டேன். சரிபார்த்தேன். சரியாகச் சரிபார்த்தேனா என்று மறுபடி சரிபார்த்தேன். கடைசியில் கைப்பழக்கத்தில் மூலையில் வடக்கு என்று அம்புக்குறியும் போட்டுவிட்டேன்.

"பிளேனுக்கு எதுக்கும்மா வடக்கு?" என்றார் சார்.

"இருக்கட்டும் சார்" என்றார் ஐயா. "மூக்கு கெழக்க பாத்துக்கினு இருக்கு. நல்லதுதான்."

இவ்வளவு சரிபார்த்தவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. தாளில் இடம் போதாததால், மேலிருந்தும் முன்னாலிருந்தும் பாதி விமானம்தான் வரைந்திருந்தேன். இடது இறக்கை மட்டும், அதோடு சேர்ந்த இன்ஜின் உட்பட. பக்கத்தில் "மறுபுறமும் இதேபோல்" என்று எழுதினேன். இரட்டை வீட்டு பிளானில் அப்படித்தான் எழுதுவோம். கொத்தனார் தானாகவே திருப்பிப் போட்டுக்கொள்வார்.

ஆசாரி பொம்மையார்பாளையத்துக்காரர். ஐயா வீட்டுக் கதவெல்லாம் அவர் வேலைதான். பூஜையறைக் கதவில் அவராகவே ஒரு மயிலைச் செதுக்கி, "பிளான்ல என்னா இருக்கோ அதை மட்டும் பண்ணு" என்று சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் விமானத்தின் பாகங்களைத் துண்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து ஐயா வீட்டுத் தரையில் பிரித்தார். பொருத்துவதைப் பார்க்க சார் என்னை அனுப்பியிருந்தார். கதவுக்குப் போக மிஞ்சிய தேக்கில் உடம்பு அத்தனை அழகு. இறக்கைகளைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"அண்ணே, ரெண்டும் லெஃப்ட் ரெக்கையா இருக்கே?"

"இதே போலன்னு எழுதிட்டு நீயே கேக்குறியாம்மா? வெச்சுப் பாரு, ஒரு நூல் பிசகாது."

ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினார். உண்மையிலேயே ஒரு நூல் பிசகவில்லை.

"கதவுன்னா எடது வலது நீங்களே பாத்துப்பீங்களேண்ணே..."

"பாத்துப்பேன். அப்புறம் உங்க சாருகிட்ட யாரு திட்டு வாங்கறது?"

ஐயா அதில் ஒன்றை வலப்பக்கம் வைத்துப் பார்த்தார். இன்ஜின் வாலைப் பார்த்தது. புரட்டி முன்னால் திருப்பினார். இறக்கையின் அடிவயிறு மேலே வந்தது.

"ஒரு இன்ஜின் திண்டிவனம் போவும், ஒண்ணு விழுப்புரம் போவும்" என்றார் மெதுவாக. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதிதாகச் செதுக்க நேரம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் சொன்னேன். "வீட்டுக்கு எலிவேஷன்தான் ஐயா முக்கியம், முன்னால நின்னா தெரியற பக்கம். வலப்பக்கத்தைச் செவுத்தோட ஒட்டி வெச்சுட்டா ஒரு பக்கம்தான் தெரியும்." அப்படியே செய்தோம். மிஞ்சிய இறக்கையை ஐயாவின் மனைவி எடுத்து எங்கேயோ வைத்தார்.

மறுநாள் சம்பந்தி வந்தார். ஷோகேஸ் முன்னால் நின்றார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஐயாவின் மீசை லேசாக உயர்ந்தது. சம்பந்தி இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"என்னா சம்பந்தி, இன்னொரு ரெக்கை எங்க?"

"செவுத்துக்கு அந்தாண்ட இருக்கு" என்று சொல்லிவிட்டார் ஐயா, பதற்றத்தில்.

சுவருக்கு அந்தாண்ட சமையலறை. சம்பந்தி விடுவாரா? போனார். போனவர் இறக்கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சமையக்கட்டுலதான்யா இருந்திச்சு! நான் சொன்னப்ப நம்பினீங்களா?"

கூடமே சிரித்தது. நான் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சம்பந்தி அதோடு நிறுத்தவில்லை. உதவி செய்கிற நினைப்பில் விமானத்தை வெளியே எடுத்து, "இப்படிச் சொருகுனா சரியாப் போச்சு" என்று வலப்பக்கம் வைத்து அழுத்தினார்.

"யோவ்! கைய எடுய்யா! அது லெஃப்ட் ரெக்கைய்யா!"

ஐயா அப்படிக் கத்துவார் என்று யாரும் நினைக்கவில்லை. இறக்கையைப் பிடுங்கினார். மேலே ஏன் வளைவு, கீழே ஏன் தட்டை, காற்று எந்த வழியாகப் போகும், பெட்ரோல் எங்கே நிற்கும், மழையில் எந்த போல்ட் இறுகும், அதை எந்தக் கையால் கழற்ற வேண்டும் என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஐயர் தட்சிணைக்குக் காத்திருந்தார். பந்தியில் சாம்பார் ஆறியது. எல்லாம் முடிந்ததும் சம்பந்தி இரண்டு கையாலும் இறக்கையை வாங்கி, குழந்தையைக் கிடத்துவதுபோல மேசையில் வைத்தார்.

"சமையல்காரனுக்கு ரெக்கை மேல இவ்ளோ கோவம் வராது. ஒத்துக்கறேன் சம்பந்தி. சோறு போடுங்க."

வலது இறக்கை செய்து தருகிறேன் என்று ஆசாரி எத்தனையோ முறை கேட்டார். ஐயா சம்மதிக்கவில்லை. மிஞ்சியதை என்னிடம் கொடுத்து, "நீ எழுதினதுதான, நீயே வெச்சுக்க" என்றார்.

அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். பிளான் எல்லாம் போனிலேயே போகிறது. பாதி வரைந்தால் மீதியைக் கம்ப்யூட்டரே திருப்பிப் போட்டுவிடுகிறது. "மறுபுறமும் இதேபோல்" என்று எழுத இனி யாருக்கும் வேலை இல்லை. ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் ஷோகேஸை இடித்து டிவி மாட்டியிருக்கிறார்களாம். விமானம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை.

விரிப்பை அலசி மொட்டைமாடியில் காயப்போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க அந்த இறக்கையை எடுத்து மேலே வைத்தேன். என் பின்னாலேயே ஏறி வந்திருந்தாள் பாப்பா.

"அம்மா, இது என்னா?"

"ஏரோப்ளேன் ரெக்கை."

"இன்னொண்ணு எங்க?"

குழந்தைகளிடம் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"செவுத்துக்கு அந்தாண்ட, சமையக்கட்டுல."

தடதடவென்று படியிறங்கி ஓடினாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். கீழே ஒவ்வொரு பாத்திரமாக உருளும் சத்தம் கேட்கிறது.