சலாவுதீன் வீட்டு வெங்காய விலை

மும்பை தாராவியில் பெல்ட் தைக்கும் சலாவுதீனுக்குப் பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. இசைத்தட்டு மட்டும்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் காயலான் கடைகள் நிறைந்த சோர் பஜாருக்குப் போய் ஒன்றிரண்டு பழைய தட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். கீழே பட்டறை, மேலே வீடு. கீழே மிஷின் ஓடினால் மேலே தட்டில் முள் துள்ளும். ஒரே வரியை ஏழெட்டு முறை பாடிய பாடகர்கள் அந்த வீட்டில் ஏராளம்.

நல்ல டர்ன்டேபிள் ஒன்று வாங்கிவிடுவது என்று ஐம்பத்தைந்து வயதில் முடிவெடுத்தார். மாட்டுங்காவில் வேங்கடசுப்ரமணியன் என்கிற ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் தன்னுடையதைக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனார். அவர் விலை பேசுவதற்கு முன்னால் சலாவுதீனின் விரல்களைத்தான் பார்த்தார். தட்டை எந்த இடத்தில் பிடிப்பீர்கள், எதனால் துடைப்பீர்கள் என்று விசாரித்தார். கடைசியில், வீட்டைப் பார்க்காமல் கொடுக்க முடியாது என்றுவிட்டார். பெண் கொடுக்கிறவர்கூட அவ்வளவு கேட்கமாட்டார் என்று சலாவுதீன் வீட்டுக்கு வந்து மனைவி பேகத்திடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மனிதர் ரசமட்டத்தோடு வந்து இறங்கினார். ஏணிப்படியில் பக்கவாட்டாக ஏறி, தரையில் மட்டத்தை வைத்துப் பார்த்தார். அந்த வீட்டில் உருட்டிவிட்ட எலுமிச்சம்பழம் தானாகவே வாசலுக்குப் போய்விடும். இங்கே வைக்கவே கூடாது, சுவரில் பலகை அடித்து உயரத்தில் வையுங்கள் என்று உத்தரவு போட்டார். பேகம் கொடுத்த சுலைமானி டீயைக் குடித்த பிறகுதான் முகம் இளகியது.

டர்ன்டேபிளும், கூடவே போனோ ப்ரீஆம்ப் என்ற சின்ன இரும்புப் பெட்டியும் வந்து சேர்ந்தன. முள் எடுக்கிற சத்தம் கொசு ரீங்காரம் அளவுதான் இருக்குமாம். அதை ஊதிப் பெரிதாக்கி ஆம்ப்ளிபயருக்கு அனுப்புவது அந்தப் பெட்டியின் வேலை. டர்ன்டேபிள் சுவரில் ஏறியது. பெட்டியும் ஆம்ப்ளிபயரும் கட்டிலுக்கு அடியில் போயின. நடுவில் சலாவுதீன் நீளமாக ஒரு ஒயரை வாங்கி இழுத்தார்.

முள்ளை வைத்ததும் உம்மென்று ஒரு இரைச்சல் கிளம்பியது. அடியில் ஒரு பொம்பளைக் குரல். பாட்டு இல்லை. மராத்தியில் யாரோ நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுப்பங்கரையிலிருந்து பேகம் எட்டிப் பார்த்தாள்.

"யாரு பேசுதா?"

"தெரியல. தட்டுல இல்ல."

"வெங்காய வெல சொல்லுதா. சும்மா இரிங்க, கேப்போம்."

முப்பது வருஷம் மராத்திக்காரிகளிடம் மீன் வாங்கிய மொழி அவளுடையது. வெங்காயம் முடிந்து தக்காளி வந்தது, பிறகு வானிலை. சாயங்காலம் மழை உண்டு என்றதும் மொட்டை மாடிக்குப் போய் துணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஐந்து மணிக்கு வானம் கொட்டித் தீர்த்தது. பக்கத்து வீடுகளில் எல்லாருடைய துணியும் நனைந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் வாங்கிய பாட்டுப் பெட்டிகளில் பிரயோஜனமான பெட்டி இதுதான் என்று பேகம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து நேரம் பார்த்து அவளே வந்து சுவிட்சைப் போட்டாள்.

சலாவுதீனுக்கோ சோறு இறங்கவில்லை. மாட்டுங்காவுக்கு போன் போட்டார். தன் பெட்டி ரேடியோ பாடுகிறது என்றதைக் கேட்டு வேங்கடசுப்ரமணியன் டாக்ஸி பிடித்து ஓடி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தார். கொஞ்ச நேரம் பாதம் மட்டும் தெரிந்தது.

"பாய், இவ்ளோ நீள ஒயரா போடுவா? ஏரியலான்னா ஆயிடுத்து."

பெட்டியை டர்ன்டேபிளுக்குப் பக்கத்திலேயே பலகையில் வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ ஒயர். அவிழ்ந்து கிடந்த எர்த் ஒயரைத் திருகினார்கள். சலாவுதீன் கீழே போய் மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து முள்ளை வைத்தார்.

ஒரு சத்தமும் இல்லை. கெட்டுவிட்டது என்றே நினைத்தார். அப்புறம் பாடகி மூச்சு இழுப்பது கேட்டது. பல வருஷமாக அவர் வைத்திருக்கும் தட்டு அது. இவள் மூச்சு விடுவாள் என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது. பாட்டு முடிந்தது. வேங்கடசுப்ரமணியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாதபோதும் துடைத்தார்.

பேகம் கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"அந்தப் பொம்பள எங்க?"

ரிப்பேர் பண்ணிவிட்டோம் என்று வேங்கடசுப்ரமணியன் பெருமையாகச் சொன்னார்.

"நல்லா இருந்தத யாரு ரிப்பேர் பண்ணச் சொன்னா?"

அன்று ராத்திரி மீன்குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. மறுநாள் சலாவுதீன் சின்ன ரேடியோ ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். அதை எங்கே வைத்தாலும் பாட்டு ஸ்பீக்கரில் கிர்ரென்றது. அதனால் செய்தி நேரத்தில் தட்டு ஓடக்கூடாது என்று பேகம் சட்டம் போட்டுவிட்டாள். சலாவுதீனும் மறுக்கவில்லை. பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் முள்ளைத் தூக்கிவிடுவார்.

வேங்கடசுப்ரமணியன் ஞாயிறு தவறாமல் வருகிறார். முள்ளைப் பார்க்க வருவதாகத்தான் சொல்கிறார். பார்த்து முடித்ததும் நாற்காலியை ரேடியோ பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். அவருக்கு மராத்தி அரைகுறை. தக்காளி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பேகம்தான் சொல்ல வேண்டும்.