தலைகீழாக ஒரு கல்

என் அக்காள் புருஷன் கிறிஸ்பின் ஹெட்லம் எங்கள் ஊர்ப் பள்ளியில் லத்தீன் வாத்தியார். எங்கள் நாட்டை ஒரு காலத்தில் ஆண்ட ரோமர்கள் கட்டிய எல்லைச் சுவர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டில்தான் ஓடுகிறது. ஞாயிறு தவறாமல் அங்கே போய் நிற்பார். "நம்ம ஆளுங்க என்னமா கட்டியிருக்காங்க பாரு, டார்கஸ்" என்பார் என்னிடம். நம்ம ஆட்களாம். எங்கள் முப்பாட்டன்மார் அந்த ரோமர்களிடம் உதை வாங்கியவர்கள் என்பது மனுஷருக்கு ஞாபகமே வராது.

அக்காள் செத்த பிறகு அவருக்கு இருந்தது ஒரே ஆசை, மகன் கத்பர்ட் இந்தியாவை ஆளப் போக வேண்டும். அந்த வேலைக்கான பரீட்சையில் அங்குள்ள பாஷைகளைவிடக் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும்தான் மார்க் அதிகம். மீசை முளைக்கும் முன்பே ரோமானிய கவர்னர்களின் பேச்செல்லாம் அவனுக்கு மனப்பாடம். தேறினான், போனான். அத்தானைக் கையில் பிடிக்க முடியவில்லை.

சில வருஷம் கழித்து லீவில் வந்தவன், அடுப்படி மேஜையில் ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே, "நான் திரும்பிப் போகலப்பா" என்றான்.

"ரோமன் எவனாவது பாதியில விட்டுட்டு வருவானா?" என்றார் அத்தான். "நம்ம ஆளுங்க இங்கேர்ந்து கிளம்பினப்போ ஊர் ஜனமே அழுதுச்சு. அப்படி ஆளணும்டா."

"அதைத்தான் அங்க ஒரு இந்திய வக்கீல்கிட்ட பெருமையா சொன்னேன். 'அழுது முடிச்சிட்டு என்ன சார் செஞ்சாங்க?'னு கேட்டார். கப்பல்ல வரும்போதுதான் பதில் ஞாபகம் வந்துச்சு." அப்பாவின் தலைக்கு மேலே கை காட்டினான். "அந்தக் கல்லு எங்கேர்ந்து வந்துச்சுப்பா?"

அது ஊருக்கே தெரியும். ரோமர்கள் போனதும் அவர்கள் சுவரைப் பெயர்த்து வீடும் மாட்டுக்கொட்டகையும் கட்டிக்கொண்ட ஜனம் நாங்கள். எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு கல்லில் லத்தீன் எழுத்துகூட உண்டு, தலைகீழாக. அத்தான் தினமும் அதன் அடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

அவர் திரும்பி அதைப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தலைகீழா வச்சிருக்கான் மடையன்" என்றார் கடைசியில்.

"யாருப்பா?"

"நம்ம ஆளுதான்" என்று சொல்லிவிட்டு, உருளைக்கிழங்குத் தட்டை மகன் பக்கம் நகர்த்தினார்.