குவைத் வீட்டுக்கு ஒத்திகை

பச்சைத் துப்பட்டாவைத் தலையில் சுற்றி ஒரு முனையைத் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டால் போதும், வேம்புலியம்மாள் வேறு ஆள். நாற்காலியில் சாய்ந்து, ஒரு காலை முக்காலிமேல் நீட்டி, மோவாயைத் தூக்கிச் சுவரைப் பார்த்து “சாய்!” என்பாள். சாய் என்றால் டீ. தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி எழுந்து டம்ளரைத் தட்டில் வைத்துக் கொண்டுவர வேண்டும். டம்ளரில் இருப்பது வெறும் தண்ணீர்தான். வருகிறவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டேதான் வருவாள். வேம்புலியம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை அவள் காலடியிலேயே கொட்டுவாள். “ஆறிப் பூட்ச்சி. வேற கொண்டா. சுரா, சுரா!” சுரா என்றால் சீக்கிரம். நனைந்த புடவைக் கொசுவத்தை உதறிக்கொண்டு அவள் ஓடும்போது சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிருக்கும்.

நாடகக் கொட்டகை என்று நினைத்துவிட வேண்டாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சென்னீர்குப்பம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பஞ்சர் கடைக்கு மேலே உள்ள மாடி அறை இது. வீட்டு வேலைக்குப் பெண்களைக் குவைத்துக்கு அனுப்புகிற ஏஜெண்ட் கலியமூர்த்தி, “நாங்க சும்மா ஏத்தி உடறதில்ல சார், டிரெய்னிங் குடுத்துத்தான் அனுப்பறோம்” என்று டெலிபோனில் பெருமையடித்துக்கொள்கிற டிரெய்னிங் இதுதான். இரண்டு வாரம் நடக்கும். முடிந்தால் ரப்பர் முத்திரை குத்திய சான்றிதழ் உண்டு. கீழே பெங்களூர் லாரி போனால் அறை முழுக்க அதிரும். வேம்புலியம்மாள் பேச்சை நிறுத்தி, லாரி போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

பயிற்சிக்கென்று கலியமூர்த்தி வாங்கிப் போட்டிருக்கும் சாமான்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது, ஓடாது. அதற்குள் அவருடைய பழைய ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கிறார். தூசி உறிஞ்சும் மிஷின் ஒன்று, உறிஞ்சுவதை விட்டுவிட்டு ஊதும். கம்பளத்துக்குப் பதில் ஜமக்காளம். வெந்நீர்க் குழாயும் பச்சைத் தண்ணீர்க் குழாயும் சுவரில் கலர் சாக்பீஸால் வரைந்தவை. “செவப்பு வெந்நி, நீலம் பச்சத் தண்ணி. மாத்தித் தொறந்து கொயந்தையக் குளிப்பாட்டினே, அப்பால உன்ன எந்தச் சாமியும் காப்பாத்தாது” என்று சொல்லி வேம்புலியம்மாள் அந்தச் சாக்பீஸ் குழாயை மெதுவாகத் திருகிக் காட்டுவாள். பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து சுவரைத் திருகிவிட்டுப் போவார்கள். யாரும் சிரிப்பதில்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்துப் பெண்கள். களையெடுத்த நிலமெல்லாம் மனையாகிப் போனதால் இப்போது முகப்பேர் ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள். எஜமானியை அங்கே ‘மாமா’ என்றும் எஜமானனைப் ‘பாபா’ என்றும் கூப்பிட வேண்டும் என்று முதல் நாள் சொன்னதும் கூட்டமே குலுங்கும். “இன்னாக்கா இது, பொம்பளையப் போயி மாமான்னு!” என்று இந்தத் தடவை வந்த அங்கம்மா என்பவள் உருண்டே போனாள். “சம்பளம் குடுக்கறவ எப்டி கூப்புடச் சொல்றாளோ அதாண்டி மொற. மூடிக்கினு கூப்புடு” என்று அதட்டினாள் வேம்புலியம்மாள்.

தொழுகை விரிப்பை மிதிக்கக் கூடாது. நோன்பு மாதத்தில் பகலில் அவர்கள் கண்ணெதிரே வாயில் ஒரு பருக்கை போடக் கூடாது. ஆண் விருந்தாளி வந்தால் அடுப்படியை விட்டு வெளியே தலை காட்டக் கூடாது. இதையெல்லாம் கேட்டுக்கொள்வார்கள். பொட்டு வைக்கக் கூடாது என்கிற பாடத்தன்று மட்டும் ஒருத்தியும் பேசமாட்டாள். “இப்பவே அழிச்சிக்காதீங்கடி. ஏரோப்ளேன்ல ஏறி குந்திக்கினு அப்பால தொடச்சிக்கங்க” என்று சொல்லிவிட்டு வேம்புலியம்மாளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

“அங்க நமக்குத் தனி டம்ளரு வெப்பாங்களாக்கா?” என்று ஒருநாள் புஷ்பா கேட்டாள். அங்கம்மாவோடு பயிற்சிக்கு வந்தவள், முகப்பேரில் மூன்று வீடு பார்க்கிறவள்.

“சில ஊட்ல வெப்பாங்க. சில ஊட்ல ஒரே தாம்பாளத்துல கூட குந்தவெச்சி துண்ணச் சொல்வாங்க. நம்ம தலையெயுத்து.”

“எனுக்கு இங்கியே பால்கனில, தொடப்பத்துக்குப் பக்கத்துலதான் வெச்சிகீறாங்க” என்றாள் புஷ்பா, பெரிய விஷயமில்லை என்பதுபோல.

வேம்புலியம்மாளுக்கு இந்த வித்தையெல்லாம் எங்கிருந்து வந்தது? அவளே ஆறு வருஷம் குவைத்தில் இருந்தவள்தான். முதல் வீட்டில் ஒரு கிழவி. தன் தட்டிலிருந்தே பிய்த்துக் கொடுப்பாளாம், ஜுரம் வந்தால் நெற்றியில் கைவைத்து ஓதுவாளாம். “தங்கமான பொம்பள. அதும் மாரி ஒருத்தி இந்த ஊர்ல கூட இல்ல” என்பாள். கிழவி கண்ணை மூடியதும் சொந்தத்தில் இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வீட்டைப் பற்றி மட்டும் பேச்செடுக்க மாட்டாள். தொண்ணூறில் ஈராக் சண்டை வந்து, ஜோர்டான் பாலைவனத்துக் கூடாரத்தில் மற்றவர்களோடு கிடந்து, கட்டிய துணியோடு ஊர் வந்து சேர்ந்தாள். வந்து பார்த்தால், விட்டுவிட்டுப் போன கைக்குழந்தை வளர்ந்து, வளர்த்த சித்தியை அம்மா என்கிறது. பெற்றவளை, மற்ற எல்லோரும் கூப்பிடுவதைப் போல, அக்கா என்கிறது. திருத்திப் பார்த்தாள். முடியவில்லை, விட்டுவிட்டாள்.

இன்றைக்கும் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கலியமூர்த்தி வாங்கித் தரும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றபடி நாலே வாயில் முடித்துவிடுவாள். “குந்திச் சாப்புடேம்மா, யாரு தொரத்தறாங்க?” என்று அவரும் சொல்லி அலுத்துவிட்டார். சித்திரை வெயிலிலும் முழங்கைக்குக் கீழே இறங்கும் நீளக்கை ரவிக்கைதான். ராத்திரி தாழ்ப்பாள் போட்டதோடு நிற்காமல் அம்மிக்கல்லையும் கதவோரம் உருட்டி வைத்துவிட்டுத்தான் படுப்பாளாம்.

இந்தத் தடவை வந்த பெண்களில் சொர்ணம் என்று ஒருத்தி. அவள்தான் வேம்புலியம்மாளின் தூக்கத்தைக் கெடுத்தவள். புருஷன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷினில் விரல்களைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பெண் குழந்தைகள். அரபிச் சொல் ஒருமுறை சொன்னால் போதும், அவளுக்குப் பிடிபட்டுவிடும். இஸ்திரி போடுவதில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. எல்லாம் சரி, தலை மட்டும் குனியாது. திட்டினால் திட்டுகிறவள் கண்ணையே நேராகப் பார்ப்பாள், பார்த்துக்கொண்டே சிரிப்பாள்.

“கீய பாருடி!”

“நான் இன்னா தப்பு பண்ணேன், கீய பாக்கறதுக்கு?”

“தப்பு பண்ணாட்டியும் கீய பாக்கணும். அதான் பாடம்.”

“சரிக்கா” என்று தலையைத் தொங்கவிடுவாள். இரண்டு நிமிஷம். அப்புறம் அந்தக் கண் தானாக மேலே வந்துவிடும். பாவி, அதில் திமிர் கூட இல்லை. அவள் பார்வையே அப்படி. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இவள் அங்கே ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டாள் என்று வேம்புலியம்மாளுக்குத் தெரியும்.

கலியமூர்த்தியிடம் போய் நின்றாள். “அண்ணாத்தே, சொர்ணத்த அனுப்பாதே. அதுக்குப் படியல.”

“நல்லா கத்துக்குதுன்னு நீதானேம்மா சொன்ன?”

“கை கத்துக்கிச்சி. கண்ணு கத்துக்கல.”

அவருக்குப் புரியவில்லை, புரிந்தாலும் ஆகிற காரியமில்லை. “விசா வந்தாச்சி. டிக்கெட் போட்டாச்சி. வாங்கின அட்வான்ஸ அவ புருஷனோட ஆஸ்பத்திரிக்குக் கட்டிட்டா. இப்ப வந்து வேணாம்னா? பாரும்மா, நீ ரொம்ப பயமுறுத்தறேன்னு ஏற்கெனவே ரெண்டு பேர் நின்னுட்டாங்க. பதமா பழக்கிக் குடு, போதும். உன் பொழப்பும் இதுலதானே ஓடுது.” கெட்டவர் இல்லை கலியமூர்த்தி. இதைச் சொல்லிக்கொண்டே ஃபிளாஸ்கிலிருந்து அவளுக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். அவள் அதை நின்றபடியே குடித்தாள்.

கடைசிக்கு முந்தின நாள் வேம்புலியம்மாள் துப்பட்டாவைக் கட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். ரவிக்கையின் இடது கையைத் தோள்வரைக்கும் சுருட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருந்தது, முனையோடு.

“இது ரெண்டாவது ஊடு” என்று ஆரம்பித்தாள். இதுவரை யாரிடமும் சொல்லாததை, கூடப்பிறந்த தங்கைக்கும் சொல்லாததை, வரிசையாகச் சொன்னாள். வெளியிலிருந்து பூட்டிய வாசல் கதவு. பாத்திரம் கழுவும் தொட்டியடியில் படுக்கை. எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டதற்கு இந்தச் சூடு. ராத்திரியில் அடுப்படிக் கதவைச் சுரண்டிய அந்த வீட்டுப் பெரிய பையன், அவனுக்குப் பயந்து கதவுக்கு முட்டுக் கொடுத்த அரிசி மூட்டை. சண்டை வந்து குண்டு விழுந்த அன்றுதான் அந்த வாசல் கதவு திறந்ததாம். “ஊரே அயுதுகினு ஓடுது. நான் மட்டும் குண்டு போட்டவனுக்கு மனசுல கும்புடு போட்டேன். அப்டி ஒரு பொயப்பு. எல்லா ஊடும் இப்டி இல்ல, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா எந்தக் கதவுக்குப் பின்னால எது கீதுன்னு உள்ள போறவரைக்கும் தெரியாது. போவாதீங்கடி. கஞ்சி குடிச்சிக்கினு இங்கியே கெடங்க.”

கீழே ஒரு லாரி போயிற்று. ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது. யாராவது அழுவார்கள், ஒருத்தியாவது எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள் என்று வேம்புலியம்மாள் காத்திருந்தாள்.

அங்கம்மாதான் முதலில் பேசினாள். “சம்பளம் மட்டும் ஒயுங்கா குடுத்தாங்களாக்கா?”

“மொத ஊட்ல குடுத்தாங்க. இந்த ஊட்ல இல்ல.”

“அப்ப மொத ஊடு மாரி அமைஞ்சாப் போதும், இல்ல?” என்று மற்றவர்களைப் பார்த்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். புஷ்பா, “யக்கா, அந்தத் தூசி மிஷினுல பையை எப்டி கயட்டறதுன்னு நேத்து பாதியில உட்டியே, அத்த காட்டிடேன்” என்றாள்.

அவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை அவளுக்கு. யாரைக் கோபித்து என்ன? ரவிக்கைக் கையை இறக்கிவிட்டாள். எழுந்துபோய் மிஷினைத் திறந்து, பை எப்படிக் கழலும், எப்படி மாட்ட வேண்டும் என்று இரண்டுமுறை காட்டினாள். பெண்கள் சுற்றி நின்று கவனமாகப் பார்த்தார்கள். இவ்வளவு நாள் மூடி வைத்திருந்ததை அள்ளிக் கொட்டியும் ஒருத்தியைக்கூடத் தடுக்க முடியவில்லை.

அன்றைக்கெல்லாம் சொர்ணம் சிரிக்கவே இல்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போனபிறகு, படியில் பாதி தூரம் போனவள் திரும்பி ஏறி வந்தாள்.

“யக்கா, ஒண்ணு கேட்டா செய்வியா?”

“போவலன்னு சொல்லு, இன்னா வோணா செய்யறேன்.”

“போவாம எப்டிக்கா? அட்வான்ஸ் துட்டு பூட்ச்சி. பாஸ்போர்ட்டு ஏஜெண்டுகிட்ட கீது.” கதவைச் சாத்தினாள். “எங்கம்மா என்ன அடிச்சதில்ல. என் ஊட்டுக்காரும் இதுவரிக்கும் கை நீட்னதில்ல. அடி வாங்கனா நான் இன்னா பண்ணுவேன்னு எனுக்கே தெர்ல. சட்டுனு திருப்பிக் குடுத்துட்டேன்னா? அப்பால அங்க என் கதி இன்னா?” கிட்டே வந்தாள். “நீ ஒருவாட்டி அடிச்சிடுக்கா. மொத அடிய தெரியாதவங்க கையால வாங்க வோணாம்.”

“பைத்தியமாடி உனுக்கு!”

“நெசமாத்தான் கேக்கறேன். எல்லாம் சொல்லிக் குடுத்தியே, இத மட்டும் உட்டுட்டியே.”

வேம்புலியம்மாள் அவளையே பார்த்தாள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிடலாம். அனுப்பினால் வியாழக்கிழமை விமானம் ஏறப்போகிறவள், ஒன்றும் தெரியாமலே ஏறுவாள். இதற்குத்தானா இவ்வளவும் கற்றுக்கொடுத்தோம் என்று தோன்றியது. ஜன்னல் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரே நின்றாள்.

“கண்ண மூடிக்கட்டுமாக்கா?”

“மூடாதே. மூடினா அவங்களுக்கு இன்னும் கோவம் வரும்.”

சொர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு நின்றாள். வேம்புலியம்மாள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலில் கல் வைத்த மோதிரம், கல் தூக்கலாக இருக்கும், பட்டால் கன்னத்தைக் கிழித்துவிடும். இறுகிப்போயிருந்த அதை எச்சில் தொட்டுத் திருகித் திருகிக் கழற்றி, மேசைமேல் வைத்தாள்.