கழுவி வைத்த கால்வாய்

துடுப்பு மாமாவிடம் துடுப்பே கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் துடுப்பு எதற்கு? நீளமான மூங்கில் கழி ஒன்றுதான். ஆனாலும் கால்வாய்த்தெரு முழுக்க அவருக்கு அதுதான் பெயர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அடுத்தவன் படகில் தண்ணீர் இறைத்து இறைத்தே சொந்தப் படகுக்கு முதலாளி ஆனவர். கால்வாயில் மண்டும் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுவது தொழில். அந்த நாற்றத் தண்ணீர்தான் அவருக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தது, மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது. அவரைப்போல் கழி ஊன்ற இந்த நகரத்தில் இன்னொரு ஆள் கிடையாது. கிடையாது என்றால் கிடையாதுதான்.

அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. பாலத்தில் போகிறவர்களில் ஒருவராவது மூக்கைப் பொத்தாமல் தன் கால்வாயை நின்று பார்க்க வேண்டும்.

அதற்கும் வேளை வந்தது. நகரத்தின் நீர்வழிகளை நேரில் சுற்றிப் பார்த்து வரைகிற ஓவியர்கள் மூன்று பேர் படகு கேட்டு வந்தார்கள். அவர்களில் மூத்தவரான ஓவியரம்மா, "நாளைக்கு ஒரு தடவ சுத்திப் பாக்குறோம் மாமா. சரியா வந்தா மாசம் பூரா இங்கதான் வேலை. இல்லன்னா ஆத்துப் பக்கம் போயிடுவோம்" என்றார்.

மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பி மகன்களைக் கூட்டிக்கொண்டு உடனே தண்ணீரில் இறங்கிவிட்டார். செடியை வாரினார், பிளாஸ்டிக்கைப் பொறுக்கினார். பாலத்தடிச் சுவரில் படிந்திருந்த பாசியையும் கறையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்தார். கரையில் நின்ற மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"என்ன, சம்பந்தி வீட்டுக்காரங்களா வர்றாங்க? ஒட்டடை அடிக்கச் சொன்னா மட்டும் உங்களுக்கு முதுகு புடிச்சுக்கும்."

"நீ சாப்பிடுற சோறு இந்தத் தண்ணியிலேருந்துதான் வருது, தெரியுமில்ல?"

"அதான் சோத்துலயும் அந்த வாடை."

மறுநாள் காலை, தேய்த்த சுவருக்கு நேராகப் படகை நிறுத்திவிட்டு மாமா நெஞ்சை நிமிர்த்தினார். ஓவியரம்மா சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாமா, போன வாரம் பாலத்து மேலேருந்து பாத்தப்ப இங்க வரிவரியா கறை இருந்துச்சே. ஒவ்வொரு வெள்ளமும் விட்டுட்டுப் போன கோடு."

"நேத்தே தேச்சு எடுத்துட்டேன்மா. ஒரு பொட்டுக் கூட இல்ல, பாத்துக்கோங்க."

தாடிக்கார ஓவியர் மெல்லச் சொன்னார்: "அத வரையத்தான் மாமா வந்தோம்."

மாமா தேய்த்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது ஆள் பையை மூடப் போனார். போய்விடுவார்கள், இனி ஆற்றுக்குத்தான் அந்தக் கொடுப்பினை.

"வீட்டுக்கு ஆள் வந்தா கூட்டிப் பெருக்க மாட்டோமா? அப்படி நெனச்சுட்டேன்மா" என்றார்.

ஓவியரம்மா சிரிக்கவில்லை. "எங்களுக்காக இதுவரைக்கும் யாரும் ஒரு கால்வாயக் கழுவி வெச்சதில்ல மாமா."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அந்தத் தைரியத்தில்தான், மறைத்து வைத்திருந்ததை மாமா வெளியே எடுத்தார்.

"அடுத்த பாலத்துக்கு அந்தாண்ட நான் கை வைக்கல. சாயப்பட்டறை ஓரம். பாக்கச் சகிக்காது. காட்டவே கூடாதுன்னுதான் இருந்தேன்... போகலாமா?"

போனார்கள். அங்கே சுவரில் கறை நீலமும் துருவும் கரும்பச்சையுமாக, மடிப்பு மடிப்பாகத் தண்ணீர் வரை இறங்கியிருந்தது. மூவரும் பையைத் திறந்தார்கள். ஓவியரம்மா கெட்டித் தாள் ஒன்றைச் சுவரோரம் தண்ணீரில் அமிழ்த்தி, கறை ஏறியதும் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்தார். ஒருவர் கையும் மூக்குக்குப் போகவில்லை. மாமா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளையிலேருந்து இங்கதான் மாமா. ஒரே ஒரு நிபந்தனை, நீங்க பிரஷ்ஷத் தொடக் கூடாது."

"தொட்டா என் பேர மாத்திக் கூப்பிடுங்க."

"ரொம்ப நன்றி மாமா."

நன்றியா? அவருக்கா? நியாயமாக அவர்தான் சொல்லியிருக்க வேண்டும், இவர்களுக்கும், இத்தனை காலம் சோறு போட்ட இந்தத் தண்ணீருக்கும். கழியைக் குறுக்கே போட்டுவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார்.

"கிளம்பலாமா மாமா?" என்றார் தாடிக்காரர்.

"இருங்க தம்பி. இத்தனை வருஷமா படகத் தள்ளிக்கிட்டே போயிட்டேன், நானும் ஒழுங்கா பாத்ததில்ல. கொஞ்சம் பாத்துக்கிறேன்."