சோதனை நாளில் வந்த பாட்டில்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு அரசாங்கம் இலவசமாக மெத்தடோன் என்ற மாற்று மருந்தை ஊற்றிக் கொடுக்கும் கூடத்தில், ஓஷ் நகரத்தில், நர்ஸாக இருந்த எனக்கே நடந்தது இது.

அங்கே ஒரு வழக்கம். மருந்தை எங்கள் கண்ணெதிரே குடித்து, வாயைத் திறந்து, பேர் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாயிலேயே அடக்கிக்கொண்டு போய், வெளியே துப்பி விற்பார்கள். அந்த எச்சிலையும் வாங்கிக் குடிக்க ஆள் உண்டு... தூ!

என் தம்பி தாலாயும் அங்கேதான் குடித்தான். ஊசியை விட்டு ஒரு வருடம். ரொட்டிக் கடையில் வேலை. அவன் ஒருவனுக்காகத்தான் அந்த நாற்றத்தைச் சகித்துக்கொண்டிருந்தேன்.

அன்று தலைநகரிலிருந்து அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள். பெரிய டாக்டர் மெலிஸ் புது பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னைக்கு இதுலேருந்து மட்டும் ஊத்து. அளவு எப்பவும் போலத்தான்."

தாலாய்தான் எப்போதும் முதல் ஆள். அவன் அளவை ஊற்றி வைத்தேன்.

காலை எட்டு மணி. கதவு கிறீச்... என்றது.

தாலாய் இல்லை. யாரோ. தாடையைச் சுற்றி நீலக் கோடு போட்ட துணிக் கட்டு. பல்வலி போல என்று நினைத்தேன். கட்டை அவிழ்த்து மேஜையில் போட்டான். கப்பை எடுத்தான்.

"அண்ணே, அது உங்களோடது இல்ல."

குடித்தான். தொண்டை அசையவில்லை.

"வாயத் திறங்க. பேர் சொல்லுங்க."

திறந்தான்.

வாய் நிறைய மருந்து. வழிந்தது... மோவாயில், கோட்டில், என் மேஜையில். புளித்த வாடை. ஈர மண் வாடை.

"பேரு?"

க்ளக்... க்ளக்...

"தாலாய்."

கதவு மறுபடியும் கிறீச்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தனியா யாரோட பேசுற? சீக்கிரம் குடு, மாவு புளிச்சிரும்."

என் தம்பி. மேஜைக்கு எதிரே வேறு யாரும் இல்லை. கப் நிறைந்திருந்தது. மேலே எச்சில் நுரை. பாட்டிலின் வாயிலும்... அதே நுரை.

அத்தனையையும் தொட்டியில் கொட்டினேன்.

அன்றே என் வேலை போனது. ஆனால் நான் கொட்டிய மருந்துக்குக் கணக்குப் பார்க்க அதிகாரிகள் அலமாரியைத் திறந்துவிட்டார்கள். தினமும் நாங்கள் ஊற்றிய பாட்டில்களில் பாதி தண்ணீர். மீதியை மெலிஸ் வெளியே விற்றிருக்கிறார். பத்தவில்லை என்று புலம்பியவர்களுக்கு அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். சோதனை நாளில்தான் கலப்படமில்லாத மருந்து வரும். அதை அதே அளவு குடித்தால் ஆள் காலி. மெலிஸை டாக்டர் என்று சொல்ல நாக்கூசுகிறது.

போன சோதனை நாளில் ஒருவன் அப்படித்தான் செத்தானாம். ஒஸ்மோன் என்று பேர். அவனைக் குளிப்பாட்டிய பெரியவரைத் தேடிப் போனேன்.

"எவ்வளவு தொடச்சாலும் வாயிலேருந்து மருந்து வந்துக்கிட்டே இருந்துச்சும்மா. கடைசில என் சட்டையையே கிழிச்சு, தாடையைக் கட்டித்தான் பொதைச்சோம். நீலக் கோடு போட்ட சட்டை."

அன்று என் மேஜையில் கிடந்த அந்தத் துணி அப்போது என் கைப்பையில் இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.