வேண்டிக்கிட்டு எடுக்கிற ஆட்டோ

“நம்பர் சொல்லுங்கம்மா” என்று கேட்டு, அதை ஃபோனில் தட்டி, கீழே உள்ள பச்சைப் பட்டையை விரலால் ஓரத்துக்கு இழுத்துவிட்டு, இருதயமேரி கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். உதடு லேசாக அசைகிறது. நிதானமாக ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறது. பிறகுதான் கண் திறக்கிறது, ஆட்டோ கிளம்புகிறது. ராஜகோபுரத்துக்கு எதிரே ஏறிய மாமி இதைப் பார்த்துவிட்டு, தானும் “ரங்கா” என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

ஸ்ரீரங்கத்திலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலும் அவருக்கு ‘வேண்டிக்கிட்டு எடுக்கிற அம்மா’ என்று பெயர். அந்தப் பெயருக்காகவே அவர் வண்டி வரும்வரை காத்திருந்து ஏறுகிறவர்கள் உண்டு. ஒருமுறை ஒருவர் வாய்விட்டே கேட்டார், “என்ன வேண்டிக்கிட்டீங்க?” என்று. “நல்லபடியாப் போய்ச் சேரணும்னுதான்” என்றார் மேரி. அது பொய்யில்லை. நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டியது அவர் வயிற்றில் இருந்த இட்லி என்பதை மட்டும் சொல்லவில்லை.

மேரிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்டம் ஆகாது. மணப்பாறையிலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறினால் ஜன்னல் சீட்டு வேண்டும், கையில் எலுமிச்சம்பழம் வேண்டும். ஆனால் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்ட நாளில் ஓர் அதிசயம் நடந்தது. காந்தி மார்க்கெட் பக்கத்துக் குழிகளில் வண்டி எம்பி எம்பி விழுந்தது, வயிறு வாயே திறக்கவில்லை. “ஹேண்டில் என் கையில இருந்தா ஒண்ணும் பண்ணாது. அடுத்தவங்க கையில இருந்தாத்தான் கொடலைப் புரட்டும்” என்பது அவர் கண்ட உண்மை. பழக்கதோஷத்தில் எலுமிச்சம்பழம் மட்டும் இன்னும் மீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

சவாரி பிடித்துத் தரும் இந்த ஃபோனின் ஹேண்டில் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. சவாரி வந்தால் திரையின் அடியிலிருந்து விவரம் எழுதிய ஒரு அட்டை துள்ளிக்கொண்டு மேலே வருகிறது. தொட்டால் அது பறந்து போகிறது. உடனே மேப் வானத்திலிருந்து குப்புற விழுந்து, அரைச் சுற்றுச் சுற்றி, திருவானைக்காவலில் வந்து நிற்கிறது. “நான் பேசாம உக்காந்திருக்கேன், யாரோ என்னைத் தூக்கிச் சுழட்டிப் போடுறான்” என்பார் மேரி, தங்கையிடம் மட்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேலி பேசுவோம். மேரிக்கு உலகம் இருள வேண்டாம், ஃபோன் இருண்டால் போதும். இருண்டது.

ஸ்டாண்டில் அவருக்கு அடுத்து நிற்கும் வீரமலை இதற்கு நேர் எதிர். சவாரி இல்லாத வேளையில் புது ஃபோனை எடுத்து, ஒன்றையும் படிக்காமல், திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பார். அது வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் மோதித் துள்ளித் திரும்புவதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். “வெண்ணெய் மாதிரிப் போகுது பாருங்கக்கா” என்று நீட்டுவார். மேரி சட்டென்று மலைக்கோட்டைப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டு “ஆமா, ஆமா” என்பார்.

கண்ணை மூடிக்கொண்டு தொடுவதில் சேதாரம் இல்லாமல் இருக்குமா? பக்கத்துத் தெரு சவாரியென்று நினைத்து அழுத்திவிட்டுக் கண் திறந்தால், முசிறி ரோட்டில் குணசீலம் என்றிருக்கும். மறுக்க இன்னொரு முறை தொட வேண்டும், இன்னொரு முறை மேப் பறக்கும். அதற்குக் குணசீலமே போய்விட்டு வரலாம் என்று போய்விட்டு வந்தவர் அவர். இறங்கியவர் வீட்டில் ஒரு சீப்பு பூவன்பழம் கொடுத்தனுப்பினார்கள் என்பது ஆறுதல்.

தலைசுற்றல் என்ற சொல்லை மட்டும் மேரி வாயிலிருந்து வாங்க முடியாது. காரணம் பஷீர் அகமது. வண்டி அவருடையது, மேரி தினவாடகைக்கு ஓட்டுகிறார். முன்பு அதை ஓட்டிய செல்லக்கண்ணுவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்து, பாலக்கரையில் வண்டி கவிழ்ந்தது. ஆள் பிழைத்தார். அன்றிலிருந்து மயக்கம், கிறுகிறுப்பு என்று காதில் விழுந்தால் பஷீர் பாய் சாவியை வாங்கிக்கொள்வார், அண்ணன் தம்பியானாலும் சரி. மேரியைப் பற்றி மட்டும் “துவா பண்ணிட்டு எடுக்கிற பொம்பளை, நம்பிக் குடுத்திருக்கேன்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இந்த வண்டிக்கு முன்னால் மேரி ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இரவு வரை நின்றே இருக்க வேண்டும். கால் நரம்பு புடைத்துக்கொண்டது அங்கேதான். “இங்க நான் உக்காந்திருக்கேன். எந்தப் பக்கம் திரும்பணும்னு நான் சொல்றேன்” என்று ஆட்டோவைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு ராணியின் மிதப்பு இருக்கும். அந்த சீட்டு போய்விடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

போன ஆடி மாதத்தில் ஃபோன் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் படங்கள் எல்லாம் ரப்பர் பந்தாகியிருந்தன. தொடுவதற்கு முன்பே குதித்தன, தொட்ட பின்னும் அடங்கவில்லை. ஒரு மூச்சு போதவில்லை, மூன்று நான்கு தேவைப்பட்டன. அன்று பின்சீட்டில் இருந்தவள் வைஷ்ணவி. வடக்கு உத்தர வீதிப் பெண், நவல்பட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தினமும் சத்திரம் வரை மேரியின் ஆட்டோதான். மாம்பழச்சாலையில் மேப் வழியை மாற்றிக்கொண்டு சுழன்றது. மேரி ஓரம் கட்டினார், இறங்கினார், வாந்தி எடுத்தார். எதிர்த் திசையில் போன வீரமலை வண்டியை நிறுத்தி, “என்னக்கா ஆச்சு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

தண்ணீர் பாட்டிலை நீட்டிய வைஷ்ணவியிடம் மேரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறைக்கத் தெம்பில்லை.

“அக்கா, இதையெல்லாம் இப்படிக் குதிக்க வைக்கிறதுதான் என் வேலையே” என்றாள் வைஷ்ணவி, திருட்டு முழி முழித்துக்கொண்டு.

“எதுக்கும்மா குதிக்கணும்?”

“தொட்டா, அது நமக்குப் பதில் சொல்ற மாதிரி இருக்கணும்கா. இல்லேன்னா ஃபோன் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சுத் திருப்பித் திருப்பித் தட்டுவாங்க.”

“சொல்லட்டும். உக்காந்த எடத்துலேருந்தே சொல்லக் கூடாதா?”

வைஷ்ணவி சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை. ஃபோனை வாங்கி, எங்கெங்கோ நுழைந்து, ‘அனிமேஷன்களை அகற்று’ என்று எழுதியிருந்த ஒரு வரியைத் தொட்டாள். ஒரு சின்னப் பொத்தான் நிறம் மாறியது. அவ்வளவுதான் வைத்தியம். இத்தனை காலம் அது அங்கேயே இருந்திருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை. மேரி தொட்டுப் பார்த்தார். அட்டை துள்ளவில்லை, இருந்தது. மறுபடி தொட்டார், இல்லை. மேப் மட்டும் லேசாக அசைந்தது, ஆனால் சுற்றவில்லை. “அடி என் தங்கம்” என்று வைஷ்ணவியின் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கிக்கொண்டபோது மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கேட்ட கேள்வியை வைஷ்ணவி ஆபீஸ் மீட்டிங்கில் அப்படியே கேட்டாளாம். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். யோசிக்கட்டும்.

வீரமலைக்கு அந்த ஃபோனைப் பிடிக்கவில்லை. “என்னக்கா, உசுரே இல்லாம இருக்கு” என்றார். அவர் கெட்டவரில்லை, வாய்தான் ஓயாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாம்பழச்சாலை வாந்தி பஷீர் பாய் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. சத்திரம் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார் பாய். வந்ததும் உள்ளங்கையை நீட்டினார்.

“ஒடம்பைப் பாத்துக்கங்க மேரி. சாவியைக் குடுங்க.”

மேரி சாவியைக் கொடுக்கவில்லை. “பின்னாடி உக்காருங்க பாய். ஸ்ரீரங்கம் போயிட்டு வருவோம். அப்புறம் உங்க இஷ்டம்” என்றார்.

பாய் ஏறினார். மேரி பஸ் கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பாய்க்கு ஃபோனில் ஏதோ செய்தி வந்தது. அதைப் படித்துக்கொண்டே “ம், ம்” கொட்டினார். காவிரிப் பாலத்தில் பாதி தாண்டியதும் ‘ம்’ நின்றுபோனது.

“மேரி, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க.”

திரும்பிப் பார்த்தால் பாயின் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. மேரி வண்டியை ஓரம் கட்டி, மீட்டர் பக்கத்திலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். “மோந்து பாருங்க பாய். தூரமாப் பாருங்க, தண்ணியைப் பாருங்க.”

காவிரியில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாய் பழத்தை முகர்ந்தபடி வெகுநேரம் அதைப் பார்த்தார்.

“ஓடுற வண்டியில ஃபோனைப் பாத்தா எனக்கு இப்படித்தான்” என்றார் கடைசியில்.

“எனக்கு நிக்கிற வண்டியிலேயே பாய். இப்ப அதுவும் இல்ல.”

“அப்ப இத்தனை நாளும் கண்ணை மூடினது துவா இல்லையா?”

“இல்ல பாய்.”

பாய்க்கு அதுதான் பெரிய இடியாக இருந்தது போலும். “நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேனேம்மா” என்றார், பாவமாக. மேரி வண்டியை எடுத்தார். மாம்பழச்சாலை வந்ததும் இறங்கினார், டீ குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொள்கிறேன் என்றார். பழத்தை அதன் இடத்தில் வைத்தார். சாவி வண்டியிலேயே இருந்தது, அதை அவர் பார்க்கவுமில்லை.

அப்போது ஃபோன் கூவியது. ராஜகோபுரத்திலிருந்து ஜங்ஷனுக்கு ஒரு சவாரி. மேரி திரையை நேராகப் பார்த்துக்கொண்டே தொட்டார். பாய் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“இனிமேயாவது நெசமா ஒண்ணு வேண்டிக்கிட்டு எடுங்கம்மா. என் வண்டியில்ல?”

மேரி நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் தொட்டு மெதுவாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார், இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்தபடி.