கடைசி இழையில் கருந்தீவுகள்

பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பவள் என் தங்கை. வீட்டில் அவளுக்கு 'சந்தேகம்' என்று பெயர். பிளாஸ்டிக் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒப்பந்த உதவியாளர். நான் பத்தாவது வரை படித்து அதே கட்டடத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். இங்கே எழுதுவது அவள் எனக்குப் புரியும்படி சொன்னது, தப்பிருந்தால் என்னுடையது.

பாட்டில் செய்கிற பாலியெஸ்டரை உருக்கி ஒரு அமிலப் பொடி சேர்ப்பார்கள். பொடி பாலியெஸ்டரின் மூலக்கூறுச் சங்கிலியை வெட்டி நடுவில் போய் உட்கார வேண்டும். அப்போது வினிகர் வாடையோடு ஆவி வந்து, குளிர்ந்து, குடுவையில் சொட்டும். சொட்டு அடங்கிய பிறகே பம்பைப் போட்டு வெற்றிடம் கொடுக்கலாம். சரியாக வந்தால் உருகின பிறகும் மூலக்கூறுகள் வரிசை கலையாமல் நிற்கும். நூலாக இழுத்தால் கம்பி மாதிரி உறுதி. அவசரப்பட்டால் பொடி தன்னோடு தானே சேர்ந்துகொண்டு, ஒரே உருகலுக்குள் இரண்டு குடித்தனம் ஆகிவிடும்.

அன்று பதினோரு மணிக்கு நாலாவது சரக்கு நூல் ஆலைக்குப் போக வேண்டும். வாசலில் வேன் நின்றது. கூடத்தின் தலைவி, நாங்கள் மேடம் என்போம், அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். தங்கையின் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டலாமா என்று அவர் எழுதித் தர வேண்டியதும் அதே வாரம்தான்.

பத்தரைக்கு என்னைக் கூப்பிட்டாள். மைக்ராஸ்கோப்பில் துண்டைச் சூடாக்கும் தட்டின் கம்பி அறுந்திருந்தது. உருகின சரக்கை உலையிலிருந்து இழையாக வடிப்பார்கள். முதலில் வந்த இழையை நேற்றே பார்த்து, நன்றாக மினுங்கியது என்று எழுதியிருந்தாள். கடைசி இழை எப்போதும் கழிவுக் கூடைக்குத்தான் போகும். அதை எடுத்து வைத்திருந்தாள்.

கம்பியை மாற்றினேன். தட்டு சூடேறியது. இருநூறு டிகிரி. இருநூற்று நாற்பது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். இருநூற்றெண்பதில் அவள் கண்ணை வைத்தாள், நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். வரிசையில் நிற்பது மினுங்கும், நிற்காதது இருட்டாகத் தெரியும் என்று முன்பே சொல்லியிருக்கிறாள். மினுக்கத்துக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கருந்தீவுகள்.

"இதை யாரும் கேக்கலியேம்மா. ஒப்பந்தம் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லு" என்றேன்.

"ஆலையில நூல் இழுக்கும்போது அறுந்துட்டே இருக்கும், அண்ணா."

நோட்டைத் திறந்து, பம்பைப் போட்ட நேரத்தையும் குடுவையில் சேர்ந்த அளவையும் ஒப்பிட்டாள். சொட்டு இன்னும் விழுந்துகொண்டிருந்தபோதே பம்பு ஓடியிருக்கிறது. நோட்டோடு மேடத்தின் அறைக்குப் போனாள். நான் ஸ்குரூடிரைவரோடு வாசலிலேயே நின்றேன்.

நேற்று சரியென்று எழுதியது நீதானே என்று மேடம் கேட்டார். ஆமாம், ஆரம்ப இழையை மட்டும் பார்த்து எழுதினேன் என்றாள். தப்பு யாருடையது என்றார்.

"என்னோடது மேடம். வாடை நின்னுடுச்சுன்னு பம்பைப் போட்டேன். வாடை நிக்கல, என் மூக்குதான் பழகிப்போச்சு."

"நாலு வருஷமா வினிகரை மோந்தா மூக்கு வேற என்ன பண்ணும்? குடுவை எதுக்கு இருக்கு?"

மேடம் வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆலைக்குப் போன் போட்டார். வேன் காலியாகத் திரும்பியது. அறிக்கையில் தவறு என்ற இடத்தில் தங்கையின் பெயர் ஏறியது. ஒப்பந்தம் மூன்று மாதத்துக்குத்தான் நீண்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று அம்மா இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

ஐந்தாவது சரக்கின்போது தங்கை குடுவையை விட்டு நகரவில்லை. வேன் திரும்பிய பதினெட்டாம் நாள் அது ஆலைக்குப் போனது. போகும் முன், அதன் கடைசி இழை எங்கே என்று மேடமே கேட்டு வாங்கிப் பார்த்தார்.